மல்லுக்கு நிற்கும் ஒரு சொல்

கொச்சி நகரத்து இடப்பள்ளியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், சென்ற ஆண்டு ஓர் ஆங்கில அடைமொழி பெருங்குழப்பம் விளைத்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் மகளின் மதிப்பெண் அட்டையில், குணநலனைக் குறிக்கும் கட்டத்தில், வகுப்பாசிரியை 'பக்னேஷியஸ்' என்னும் ஒரே சொல்லை எழுதி அனுப்பியிருந்தார். பாத்திரக் கடை நடத்தும் தந்தையார் அகராதியைப் புரட்டினார். 'போர்க்குணமுள்ள' என்று கண்டார், மகிழ்ந்தார். "எம் பேத்திக்குச் சொணை இருக்குன்னு டீச்சரே எழுதிட்டாளே" என்று ஆச்சியும் பூரித்தார். மாலையில் அடுத்த வீட்டு மலையாளப் பெரியவர் அட்டையை வாங்கிப் பார்த்து, "அது புகழ்ச்சி அன்று, வழக்காளி என்று பொருள்" என்றார். வீட்டில் விளக்கணைந்தது போலாயிற்று. மறுநாள் தந்தையார் நம்மிடம் வந்து, "ஐயா, இது புகழா ஏச்சா? ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

ஒன்று சொல்லுவது எளிதாக இல்லை. அகராதியும் பொய் சொல்லவில்லை; அடுத்த வீட்டாரும் பொய் சொல்லவில்லை. அச்சொல்லின் வரலாற்றையும் வழக்கையும், அதற்கு நேராக நம் மொழியில் நிற்கும் சொற்களின் குணத்தையும் ஆராய்ந்தாலன்றி அத்தந்தைக்கு விடை கூற இயலாது என்று உணர்ந்தோம். அந்த ஆராய்ச்சியே இக்கட்டுரை.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'புக்னுஸ்' என்றால் மடக்கிய கை, முட்டி. அதிலிருந்து போரிடுதல் என்னும் வினை பிறந்தது. போரிட விழைபவன் என்னும் பெயர்ச்சொல் பிறந்தது. குத்துச்சண்டை வீரனைக் குறிக்கும் 'பியூஜிலிஸ்ட்' என்ற சொல்லும் இதே குடும்பத்தது. ஆகவே இச்சொல்லின் உள்ளே வாளும் இல்லை, வேலும் இல்லை. கொடியும் முரசும் இல்லை. வெறுங்கை ஒன்று மடங்கிக் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு உறவாகக் கருதப்படும் 'பெல்லிகோஸ்' என்பது போரைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அரசுகளுக்கும் அரசியலாருக்கும் அது பொருந்தும். 'பெலிஜரன்ட்' என்பதோ பன்னாட்டுச் சட்டத்தில் போரில் ஈடுபட்டுள்ள நாட்டைக் குறிக்கும் மதிப்புள்ள சொல்லாகவும் வழங்குகிறது. நம் சொல் அவற்றினும் சிறியது. தெருவுக்கும் வகுப்பறைக்கும் உரியது.

வழக்கில் இச்சொல் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பதன்று, இயல்பைக் குறிப்பது. இதுவே முதன்மையாகக் கருத்தில் கொள்ளவேண்டியது. ஒருநாள் சண்டையிட்டவனை இச்சொல்லால் குறித்தல் பிழை. சண்டைக்குக் காரணம் தேடித் திரிபவனையும், காரணம் இல்லாதபோதும் அதனைக் கண்டுபிடித்துக் கொள்பவனையுமே இது குறிக்கும். ஆங்கில எழுத்தாளர் சிலர் ஒருவருடைய தாடையைக்கூட இவ்வடையால் வருணிப்பர். வாய் திறக்கும் முன்பே சண்டைக்கு அழைக்கும் முகம் என்பது கருத்து. உயிரியலார் கையில் இச்சொல்லுக்குப் பழி இல்லை. 1871-இல் வெளிவந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் டார்வின், பெடைகளுக்காகப் பொருதும் ஆண் பறவைகளுக்கு இதனைத் தாராளமாக வழங்குகிறார். 1908-இல் சமூக உளவியலுக்கு ஓர் அறிமுகம் எழுதிய வில்லியம் மெக்டூகல், இதன் பண்புப்பெயரை மனிதனின் இயல்பூக்கங்களுள் ஒன்றாகவே வைத்து, சினத்தை அதற்குரிய மெய்ப்பாடாகக் காட்டினார்.

சேவலுக்கு இது குற்றமன்று என்பதில் தமிழருக்கு ஐயமிருக்க இயலாது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலுக்கு நடுகல் எடுத்த மக்கள் நாம். (இடப்பள்ளிப் புனித ஜார்ஜ் ஆலயத்துத் திருவிழாவில் கோழி நேர்ச்சை பெயர் பெற்றது, ஆனால் அங்கே வரும் கோழிகள் பொருவதற்கு வருபவை அல்ல, பாவம்.) சேவலுக்குச் சிறப்பாவது சிறுமிக்கு இழுக்காவது ஏன் என்பதே வினா.

இனித் தமிழுக்கு வருவோம். அகராதி தந்த 'போர்க்குணமுள்ள' என்னும் தொடர் சொல்லளவில் நேரானது. வழக்களவில் நேர் எதிரானது. தொழிற்சங்க மேடைகளில் 'போர்க்குணம் மிக்க தோழர்' என்று கேட்டுக் கேட்டு, இன்றைய தமிழில் அச்சொல் பாராட்டாகவே நிலைபெற்றுவிட்டது. அதனைக் கொண்டு பெயர்த்தால் ஏச்சு வாழ்த்தாக மாறும். தந்தையார் ஏமாந்தது இங்கேதான்.

'மறம்' என்றால் என்ன? இங்கே இன்னும் பெரிய சிக்கல். புறப்பாடல்களில் மறம் என்பது வீரம். அறநூல்களில் மறம் என்பது அறத்தின் மறுதலை. ஒரே சொல் இரு கரையிலும் நிற்கிறது. வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில், அன்பு மறத்துக்கும் துணையாகும் எனக் கருதும் குறளை நினைவுகூர்க. வீரத்துக்கு ஊக்கம் தருவதும் அன்பே என்று அதனை நேரே கொள்வார் உளர். பரிமேலழகரோ, மறத்தை நீக்குவதற்கு அன்பு துணை என்று பொருள் கொள்கிறார். பகை செய்தவனை நட்பாகக் கருதி அன்பு செய்தால் உள்ளத்தில் எழுந்த மறம் நீங்கும் என்பது அவர் விளக்கம். ஒரு குறளில் மறம் வளர்க்கப்படுவதா, களையப்படுவதா என்பதிலேயே கற்றோர் இருபாலாக நிற்கும்போது, பாத்திரக் கடைக்காரர் தடுமாறியதில் வியப்பென்ன? நம் கருத்தில் பரிமேலழகர் அக்குறளுக்குச் சற்று மிகுதியாகவே வேலை கொடுத்துவிட்டார். எனினும் அவர் கண்ட பொருளும் சொல்லில் இல்லாததன்று.

வள்ளுவர் தாமே இச்சிக்கலைத் தீர்க்கும் வழியொன்றை வைத்துள்ளார். போர்க்களத்து வீரத்தைப் 'படைச்செருக்கு' என 78-ஆம் அதிகாரத்தில் வைத்தார். உள்ளத்தில் குடிகொண்ட மாறுபாட்டை 'இகல்' எனப் பெயரிட்டு 86-ஆம் அதிகாரத்தில் வைத்தார். முன்னதில் யானைக்கு வேலெறிந்து தவறியவனையும் போற்றுகிறார். இடருற்ற பகைவனுக்கு உதவுவதே ஆண்மையின் கூர்மை என்கிறார். பின்னதில் இகலை நோய் என்றே அழைக்கிறார். இலத்தீன் முட்டியிலிருந்து பிறந்த சொல் படைச்செருக்கின் பால் பட்டதன்று. இகலின் பால் பட்டது.

பேச்சுத் தமிழில் இதனினும் நேரான தொடர் உண்டு. 'மல்லுக்கு நிற்கிறான்' என்கிறோம். மல் என்பது மற்போர், வெறுங்கையால் பொருவது. இலத்தீன்காரன் முட்டியில் கண்டதைத் தமிழன் மல்லில் கண்டான். 'வரிந்து கட்டிக்கொண்டு வருகிறான்' என்பதும் அவ்வாறே. இலக்கிய வழக்கில் 'தோள் தினவு' என்பது மிக அழகியது. பொருவதற்கு ஆளில்லாமல் தோள் அரிக்கிறது என்னும் இக்கற்பனையில், காரணம் வெளியே இல்லை, உடம்பிலேயே இருக்கிறது என்னும் உண்மை அடங்கியிருக்கிறது. அகராதி தொகுப்போர் 'போர்க்குணமுள்ள' என்பதை விடுத்து 'மல்லுக்கு நிற்கும் இயல்புடைய' என்று எழுதினால் எத்தனையோ வீடுகளில் வீண் மகிழ்ச்சியும் வீண் துயரும் குறையும்.

இச்சொல்லின் எல்லையைத் தெளிய, சேரநாட்டு மண்ணோடு தொடர்புடைய சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த துணை நமக்கில்லை. இடப்பள்ளிச் சந்திப்பிலிருந்து வடக்கே செல்லும் பெருவழி பறவூரைக் கடந்து கொடுங்கல்லூருக்குச் செல்கிறது. வஞ்சி என்பது அதன் அருகில் இருந்ததா, கருவூரா என்னும் வழக்கு அறிஞரிடையே நெடுநாளையது. அதில் நாம் இப்போது மல்லுக்கு நிற்க விரும்பவில்லை. கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியாகவே கருதும் மக்கள் மரபு இரு மொழியாரிடமும் உண்டு என்பது போதும்.

கண்ணகி மேற்குறித்த அடைமொழிக்கு உரியவளா? சிலம்பேந்திய கையும் விரிந்த கூந்தலுமாய் அவளைச் சிலையிலும் திரையிலும் கண்டு பழகியோர் ஆம் என்பர். நூலைக் கற்றோர் அவ்வாறு கூறார். புகாரில் கணவன் பிரிந்த காலத்திலும் அவள் யாரோடும் பிணங்கவில்லை. பொருளிழந்து வந்தவனை எதிர்மொழி கூறாது ஏற்றாள், சிலம்பைக் கொடுத்தாள், ஊர் விட்டு ஊர் பெயர்ந்தாள். நம்மைப் போல் அவளும் பிழைப்புத் தேடிப் பிறநாடு புகுந்த குடும்பத்தவளே. மதுரையில் கணவன் கள்வன் எனக் கொல்லப்பட்ட பிறகே அவள் சினந்தாள். அச்சினமும் வழக்காக உருவெடுத்து, சான்றாக ஒரு சிலம்பையும் கொண்டு, அரசன் அவைக்குச் சென்றது. தீயை ஏவியபோதும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்க ஆணையிட்டாள். விலக்கு விதிக்கத் தெரிந்த சினம் தினவிலிருந்து பிறந்ததன்று. வேலை முடிந்ததும் அவள் இன்னொரு பகையைத் தேடவில்லை. பதினான்கு நாள் கழித்துச் சேரநாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் வந்து நின்றாள்.

அடுத்து செங்குட்டுவன். பத்தினிக்குக் கல் எடுக்க வேண்டும். கல் எங்கும் கிடைக்கும். அவன் இமயத்துக் கல்லைத் தேர்ந்தான். தமிழரசரை இகழ்ந்த வடவேந்தர் தலையில் அதனை ஏற்றியே கொணர்வேன் என வஞ்சினம் கூறினான். அவர்கள் இகழ்ந்தது நின்னை அன்று, சினம் தணிக என்று ஆசான் எடுத்துரைத்த பின்னும் படை எழுந்தது. 18 நாழிகையில் போர் முடிந்தது. கனகனும் விசயனும் கல் சுமந்தனர். அதோடு நின்றானா? சிறைப்பிடித்த அரசரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வருமாறு அனுப்பினான். தவவேடத்தில் ஒளிந்தோடியவரைப் பிடித்தது என்ன வீரம் என்று அவ்விருவரும் எள்ளினர். கேட்டவுடன் சேரன் கண்கள் சிவந்தன. அடுத்த போருக்கு அவன் உள்ளம் புறப்பட்டுவிட்டது. கல் எடுக்கச் சென்ற பயணம் எங்கே, தெற்கே மூளவிருந்த இப்போர் எங்கே? மெக்டூகலோ டார்வினோ வேண்டா. அவ்வடைமொழிக்கு இதைவிடத் தெளிவான உரை கிடையாது.

இளங்கோவடிகளின் பெருமை இங்கே விளங்குகிறது. தம் தமையன் என நூல் கூறும் மன்னனைப் பாடும்போதும் அவர் வாய் மூடவில்லை. மாடலன் என்னும் மறையோன் வாயிலாக, ஆட்சியேற்று 50 ஆண்டு சென்றும் நீ மறக்களவேள்வியே செய்கிறாய், அறக்களவேள்வி செய்திலை என்று இடித்துரைக்கிறார். மன்னனும் கேட்கிறான்; வேள்விக்கு ஏற்பாடு செய்கிறான்; ஆரிய அரசரைச் சிறை நீக்கி வேளாவிக்கோ மாளிகையில் தங்க வைக்கிறான். வஞ்சிக் காண்டத்தைத் தமிழ் வெற்றியின் முரசாக மட்டும் முழக்குவோர் இப்பகுதியை விரைந்து கடந்து செல்வதை நாம் பல மேடைகளில் கண்டிருக்கிறோம். வெற்றியைப் பாடியவரே அதன் மிகையையும் பாடினார் என்பதை மறைத்தல் இளங்கோவுக்குச் செய்யும் நன்றியாகாது.

கண்ணகியின் சினத்துக்கும் செங்குட்டுவன் சினத்துக்கும் உள்ள வேற்றுமையை அளக்கத் தொல்காப்பியர் கோல் தந்துள்ளார். மெய்ப்பாடு எட்டனுள் வெகுளியும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலுறுப்பைச் சிதைத்தல், குடியையும் சுற்றத்தையும் நலிதல், வைதும் புடைத்தும் துன்புறுத்தல், கொல்லுதல். நான்கும் வெளியிலிருந்து வருபவை. காரணமற்ற வெகுளிக்கு அவர் பட்டியலில் இடமில்லை. அத்தகைய வெகுளியைத்தான் ஆங்கில அடைமொழி சுட்டுகிறது.

இவ்வளவும் எண்ணிய பிறகே நாம் செய்திருக்க வேண்டிய முதற் செயல் நினைவுக்கு வந்தது: சிறுமியைக் கேட்கவில்லை! கேட்டோம். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள். வகுப்பில் இரு மாணவியர் அவள் தந்தையை நாள்தோறும் 'பாண்டி' என்று கூறிச் சிரித்தனர். பாத்திரம் தட்டுவது போல் ஒலி எழுப்பினர். மூன்றாம் வாரத்தில் அவள் ஒருத்தியின் தோளில் குத்திவிட்டாள். குத்தியது தவறே, அதனை நாம் அவளிடம் மறைக்கவில்லை. ஆனால் தொல்காப்பியர் கோலால் அளந்தால் இது குடிகோளும் அலையும் பற்றி எழுந்த வெகுளி. இயல்பு அன்று, நிகழ்ச்சி. ஆசிரியை முட்டியைக் கண்டார். அதற்கு முந்தைய மூன்று வாரம் அவர் கண்ணில் படவில்லை. பாண்டியநாட்டின் பெயர் வசைச்சொல்லாக மாறியிருப்பதையும் அவர் அறியாதிருக்கலாம். ஒரு பேரரசின் பெயர் எல்லை கடந்தவுடன் ஏளனமாவது வரலாற்றின் விளையாட்டு. இவ்வூரில் நம்மை அன்போடு ஏற்றவரே பெரும்பாலோர் என்பதையும் கூறாது விடுதல் நன்றி மறத்தலாகும்.

மனப்பாங்கைக் குறிக்கும் அடைமொழி, சூட்டப்படுபவரைவிடச் சூட்டுபவரையே மிகுதியாகக் காட்டிக்கொடுக்கும். 1948-இல் பி.பி.சி. வானொலியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதனை நகைச்சுவையாக விளக்கினார்: ஒரே பண்பு தன்னிடம் இருந்தால் உறுதி, முன்னிலையாரிடம் இருந்தால் பிடிவாதம், படர்க்கையாரிடம் இருந்தால் அதனினும் இழிந்த ஒன்று. வானொலியில் இது சிரிப்பு. அதிகாரம் கையிலுள்ளவர் செய்தால் சிரிப்பன்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டு வீரர் போர்த்தன்மை இழந்தவர் எனக் கருதினார். 'போர்க்குடிகள்' என்னும் கொள்கை வலுப்பெற்று, வடபுலத்தாருக்கே படையில் முதலிடம் வாய்த்தது. அதே ஆங்கில ஆட்சி, குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் செலுத்தி, மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரை அடக்கவேண்டிய முரட்டுக் குடியாக எழுதி வைத்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தோர் மீது சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உள்பட 16 பேர் மாண்டனர். தமிழன் போரிடத் தகாதவன் என்றும், அடங்காத முரடன் என்றும் ஒரே ஆட்சியின் ஏடுகள் கூறின. இரண்டும் அடைமொழிகளே.

இடப்பள்ளிக்கும் இதில் பங்குண்டு. 1950 பிப்ரவரி 28-ஆம் நாள், சிறைப்பட்ட தோழர் ஒருவரை மீட்கப் பொதுவுடைமையர் குழு ஒன்று இடப்பள்ளிக் காவல் நிலையத்தைத் தாக்கியது. காவலர் இருவர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சிக்கு எவ்வடையைச் சூட்டுவது என்பது, பேசுவோர் எத்தரப்பார் என்பதைப் பொறுத்தே அன்றுதொட்டு மாறி வந்துள்ளது. மாண்ட காவலரின் இல்லத்தார்க்கு அதில் எந்த அடையும் ஆறுதலாகியிராது.

அடுத்த வீட்டுப் பெரியவரின் 'வழக்காளி'க்குத் திரும்புவோம். மலையாளத்தில் வழக்கு என்றால் சண்டை. தமிழில் முறையீடும் நீதிமன்றமும் முன்னிற்க, சண்டை 'வம்பு வழக்கு' என்னும் இணைமொழியில் ஒதுங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் சண்டையைக் குறிக்கும் 'குவாரல்' என்பதும் முறையீட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. முறையிட்டவன் மூன்று மொழியிலும் சண்டைக்காரனாகிறான்! பெண்பிள்ளையாயின் இடர் இருமடங்கு. மலையாளத்தில் 'தன்றேடம்' என்பது துணிவு. ஆயினும் 'தன்றேடி' என்று ஒரு பெண்ணைக் கூறும்போது பாராட்டா பழிப்பா என்பதைக் குரலைக் கேட்டே அறியவேண்டும். நம் 'வாயாடி'யும் அப்படியே. ஆண்பிள்ளை குத்தியிருந்தால் ஆசிரியை இச்சொல்லைத் தேடிப் பிடித்திருப்பாரோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

ஆசிரியைக்கு ஒரு மடல் எழுதினோம். சொல்லை அடிக்குமாறு நாம் கேட்கவில்லை. அச்சொல் இயல்பைக் குறிப்பது, நிகழ்ச்சியைக் குறிப்பதன்று என்பதையும், மூன்று வாரத்துச் செய்தியையும் எழுதி, அட்டையில் இவ்வளவு சிறிய கட்டம் போதாது என்று மட்டும் கூறினோம். தந்தையார் கையெழுத்திட்டார், மகளைத் தோழியிடம் மன்னிப்புக் கேட்கவும் செய்தார். அடுத்த பருவத்து அட்டையில் அக்கட்டத்தில் எதுவும் எழுதப்படவில்லை.

ஆச்சிக்கு மட்டும் நம் ஆராய்ச்சியில் மனநிறைவில்லை. "நீங்க என்ன எழுதினாலும் அவளுக்குச் சொணை உண்டு" என்றார். அப்போது தேநீரோடு வந்த அடுத்த வீட்டு அம்மையார், 'சொணை' என்னும் சொல் மட்டும் காதில் விழ, சிறுமியின் கன்னத்தைத் தட்டி, "ஆமாம், சுணக்குட்டி!" என்றார். சுணை உடைய பிள்ளை என்பதற்கு மலையாளத்தார் அன்போடு வழங்கும் சொல் அது. அவ்விரு மூதாட்டியரும் அகராதி இன்றியே பேசத் தொடங்கினர். நாம் அட்டையை மடித்துத் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.